காற்றே எமனாகும் விளக்கு!

மாலை மயங்கும் நேரம். சேயாற்றங்கரையில் உள்ள மாகறல் கோயிலில் விளக்கு ஏற்றுகிறார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். ஊரும் பழையது, அங்கே எரியும் விளக்கும் பழையது. அகல், எண்ணெய், திரி, நெருப்பு. விளக்குக்கு இவ்வளவு போதும் என்றுதான் தோன்றும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் வேண்டும். அதுதான் காற்று. எரியும் அகலின் மேல் ஒரு செம்பைக் கவிழ்த்துப் பாருங்கள். சுடர் சுருங்கும், மங்கும், பிறகு அணைந்தே போகும். காற்றில் உள்ள பிராணவாயு இல்லாவிட்டால் அகலுக்கு உயிர் இல்லை.

கோயில் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் கைக்குக் கை வேறொரு விளக்கு ஒளிர்கிறது. கைபேசியின் திரைதான் அது. சற்றே விலை கூடிய கைபேசிகள் பலவற்றில் இருப்பது ‘ஓ.எல்.ஈ.டி.’ என்ற புது வகைத் திரை. அந்தத் திரையில் இருப்பவை லட்சக்கணக்கான குட்டி விளக்குகள். எண்ணெய் இல்லை, திரி இல்லை, நெருப்பும் இல்லை. மின்சாரம் பாய்ந்தவுடன் ஒளிர்கின்றன.

இந்தப் புது விளக்கின் சுபாவமே தலைகீழ். அகலுக்குக் காற்று இல்லாவிட்டால் சாவு. இதற்குக் காற்றுப் பட்டால் சாவு!

அதிலும் ஊதி அணைக்கும் பெருங்காற்று வேண்டியதில்லை. ஆடாமல் அசையாமல் அறைக்குள் நிற்கும் காற்றே போதும். அதில் உள்ள பிராணவாயுவும், ஈரமும், மிதக்கும் தூசியும் சேர்ந்து அந்த விளக்கின் ஆயுளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும்.

ஜரிகை சொல்லும் சேதி

காற்று ஒரு பொருளைத் தின்னும் என்பது காஞ்சிபுரத்து மக்களுக்குப் புதிய சேதி அல்ல. பட்டுப் புடவையின் ஜரிகையைக் கேட்டால் அதுவே சொல்லும்.

பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றி, அதன் மேல் தங்கம் பூசி ஆவதுதான் அசல் ஜரிகை. தங்கத்தைக் காற்று ஒன்றும் செய்வதில்லை. ஆனால் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்திலும், கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்த இடத்திலும் காற்று உள்ளே புகுந்து வெள்ளியைத் தொடுகிறது. காற்றில் சிறிதளவு கலந்திருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு கூடிக் கறுப்பு நிறப் பொருளாகிறது. ஜரிகை கறுத்துவிட்டது என்கிறார்கள்.

புடவையை உடுத்தினால்தான் கறுக்கும் என்பதும் இல்லை. பெட்டியில் வைத்த இடத்திலேயே கறுக்கும். அதனால்தான் நல்ல புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கும் வழக்கம் வந்தது.

ஓ.எல்.ஈ.டி. விளக்கின் கதையும் ஏறக்குறைய இதுவேதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஜரிகை கறுக்க ஆண்டுகள் ஆகும். உறையில்லாத ஓ.எல்.ஈ.டி. விளக்குக்கோ ஆயுள் மணிக் கணக்கில்தான்.

கரிப் பொருளில் பிறந்த ஒளி

‘ஓ.எல்.ஈ.டி.’ என்பதில் முதல் எழுத்து ‘ஆர்கானிக்’ என்ற சொல்லைக் குறிக்கும். ஆர்கானிக் என்றதும் ரசாயன உரம் போடாத கத்தரிக்காய் நினைவுக்கு வரலாம். இங்கே பொருள் வேறு. கரியை அடிப்படையாகக் கொண்ட ரசாயனப் பொருள்களை விஞ்ஞானிகள் அப்படி அழைக்கிறார்கள். சாயங்கள் பலவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இத்தகைய பொருளில் மின்சாரம் பாய்ச்சி ஒளி எழுப்பலாம் என்பது முன்பே தெரிந்திருந்தது. 1963-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் போப் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆந்த்ரசீன் என்ற பொருளின் படிகத்தில் ஒளியைக் கண்டார்கள். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தேவைப்பட்டது. வீட்டுக்கு உதவாத வேடிக்கையாகவே அது நின்றுவிட்டது.

திருப்பம் 1987-ல் வந்தது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரில், புகைப்படச் சுருளுக்குப் பேர்போன கோடாக் நிறுவனத்தின் ஆராய்ச்சிசாலை. ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங் என்பவரும், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்பவரும் அங்கே ஒரு புது விளக்கைச் செய்தார்கள்.

முதலில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் மின்சாரம் கடத்தும், ஒளியையும் ஊடுருவ விடும் ஒரு பூச்சு. அதன் மேல் கரிப் பொருள்கள் இரண்டு, அடுக்கடுக்காக. எல்லாவற்றுக்கும் மேலே உலோகப் பூச்சு. 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் அந்த விளக்கு பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது! கையில் பிடிக்கும் சாதாரண பாட்டரிகள் சிலவற்றைக் கோத்தாலே போதும். இன்று உலகெங்கும் உள்ள ஓ.எல்.ஈ.டி. திரைகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

அந்தக் கரிப் பொருள் அடுக்குகள் எவ்வளவு கனம் தெரியுமா? இரண்டும் சேர்ந்து தலைமுடியின் பருமனில் சுமார் 500-ல் ஒரு பங்குதான்.

கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் கை

அந்த விளக்குக்குப் பிறக்கும்போதே ஒரு பலவீனமும் உடன் பிறந்தது. அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தக் கதை முழுவதும் விளங்கிவிடும்.

ஓ.எல்.ஈ.டி. ஒளிர வேண்டுமானால் உலோகப் பூச்சு தன்னிடம் உள்ள எலெக்ட்ரான்களைக் கரிப் பொருளுக்குள் தள்ள வேண்டும். எதிர்ப் பக்கத்துக் கண்ணாடிப் பூச்சிலிருந்து அவற்றுக்கு ஜோடியான நேர்மின் சுமைகள் வரும். இரண்டும் நடுவில் சந்தித்துக் கலக்கும் இடத்தில் ஒளி பிறக்கும்.

எலெக்ட்ரானைக் கஞ்சத்தனம் செய்யும் உலோகம் இந்த வேலைக்கு ஆகாது. தங்கம் ஆகாது. எளிதில் எலெக்ட்ரானைக் கொடுக்கும் தாராள குணம் உள்ள மக்னீசியம், கால்சியம் போன்றவை வேண்டும். டாங்கும் வான் ஸ்லைக்கும் பயன்படுத்தியது மக்னீசியமும் வெள்ளியும் கலந்த பூச்சு.

சங்கடம் இங்கேதான். கொடுத்துப் பழகிய கை, கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும். கரிப் பொருளுக்குத் தாராளமாக எலெக்ட்ரானைக் கொடுக்கும் உலோகம், காற்றில் உள்ள பிராணவாயு வந்து கேட்டாலும் கொடுக்கும். நீராவி வந்து கேட்டாலும் கொடுக்கும். கொடுத்த பிறகு அது உலோகமாக இருப்பதில்லை, துருவாகிவிடுகிறது. துரு மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தில் விளக்கு இருட்டாகும்.

விளக்கு ஒளிர்வதற்குக் காரணமான குணமே, காற்றில் அது சாவதற்கும் காரணமாகிறது!

1987-ல் கோடாக் விஞ்ஞானிகள் தங்கள் விளக்கின் ஆயுளைச் சோதித்தபோதே அதைத் திறந்த காற்றில் வைக்கவில்லை. எதோடும் சேராத ஆர்கான் வாயுவை ஈரமின்றி நிரப்பி, அதனுள் வைத்து எரித்தார்கள். அப்படியும் சுமார் 100 மணி நேரத்தில் ஒளி பாதியாகக் குறைந்துவிட்டது.

கரும்புள்ளி நோய்

காற்றுப் பட்ட விளக்கு ஒரேயடியாக அணைவதில்லை. அம்மை போட்டதுபோல் முதலில் புள்ளிகள் தோன்றும்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒளிரும் பரப்பின் நடுவே சிறுசிறு கறுப்பு வட்டங்கள் தெரியும். நாள் ஆக ஆக அவை பெரிதாகும். ஒன்றையொன்று தொட்டுச் சேரும். கடைசியில் பரப்பு முழுவதும் இருண்டுவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புள்ளிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுவதில்லை. விளக்கைச் செய்த அன்றே எத்தனை என்று விதிக்கப்பட்டுவிடுகிறது. கூடுவது அவற்றின் பருமன்தான். அதற்கு விளக்கு எரியவும் வேண்டியதில்லை. ஒரு நாளும் ஏற்றாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் புள்ளிகள் வளரும். பெட்டிக்குள் இருந்தபடியே கறுக்கும் ஜரிகையைப் போலத்தான்.

எண்ணிக்கையை விதிப்பது யார்? தூசி!

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மேலே ஒரு சிறு கல் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் மேல் சுண்ணாம்பு படியும். கல்லின் மறைவில் படியாது. கல் உதிர்ந்தால் அங்கே ஓட்டை தெரியும். ஓ.எல்.ஈ.டி. செய்யும்போதும் இதுதான் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள தூசி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கோடாக் விளக்கின் கரிப் பொருள் அடுக்கோடு ஒப்பிட்டால் அது ஏழு மடங்கு உயரமான பாறை. அந்தப் பாறையின் ஓரத்தில் உலோகப் பூச்சு சரியாகப் படியாமல் ஊசித்துளை விழுகிறது.

துளை விழுந்தால் போதும். அதன் வழியே நீராவி உள்ளே நுழைந்து, உலோகத்துக்கும் கரிப் பொருளுக்கும் நடுவே நாலாபக்கமும் பரவுகிறது. அதனால்தான் புள்ளி வட்டமாக வளர்கிறது. அலுமினியம் போன்ற உலோகத்தோடு நீர் கூடும்போது ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். அது குமிழியாகக் கிளம்பி உலோகப் பூச்சையே உப்பித் தூக்கிவிடும். தூக்கிய இடத்தில் மின்சாரம் பாயாது.

நீராவி கரிப் பொருளையும் விடுவதில்லை. கண்ணாடிபோல் சீராக இருக்க வேண்டிய அடுக்கு, ஈரம் பட்டால் கற்கண்டு கட்டுவதுபோல் படிகமாகத் திரண்டுவிடுகிறது. கனடாவில் உள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்தவர்கள் 1998-ல் இதைக் கண்டு வெளியிட்டார்கள். பிராணவாயு வேறு, வெளிச்சத்தின் துணையோடு கரிப் பொருளின் மூலக்கூறுகளைச் சிதைத்து அவற்றின் ஒளிரும் சக்தியைப் பறிக்கிறது.

தமிழ்நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீரை ஆவியாகத் தாங்க வல்லது. கடலோர மாவட்டங்களின் புழுக்க நாள்களில் அந்தக் கொள்ளளவில் முக்கால் பங்கு நிரம்பியிருப்பது சகஜம். உறையில்லாத ஓ.எல்.ஈ.டி. விளக்கை அங்கே மேஜை மேல் வைப்பது, வெல்லத்தை எறும்புப் புற்றின் மேல் வைப்பதற்குச் சமம்.

வெற்றிடத்திலும் அழுக்கு!

காற்றுதான் எதிரி என்றால், காற்றே இல்லாத இடத்தில் விளக்கைச் செய்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?

அப்படித்தான் செய்கிறார்கள். கரிப் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய வைக்கும் வேலை, காற்றை உறிஞ்சி எடுத்த எஃகு அறைக்குள் நடக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் 100 கோடியில் ஒரு பங்கு அளவே. பிறகு அதை நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்கு மாற்றுகிறார்கள். வேலை செய்பவர் வெளியே நின்று, பெட்டியில் பொருத்தியுள்ள ரப்பர் கையுறைக்குள் கையை நுழைத்து வேலை பார்ப்பார். அந்தப் பெட்டிக்குள் பிராணவாயுவும் ஈரமும் 10 லட்சத்தில் 1 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. வெளிக்காற்றிலோ 10 லட்சத்தில் 2,10,000 பங்கு பிராணவாயு!

இவ்வளவு செய்தும், ஒரே யந்திரத்தில், ஒரே பொருள்களைக் கொண்டு, ஒரே ஆள் செய்த விளக்குகளின் ஆயுள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று நெடுநாள் வாழும்; ஒன்று அற்பாயுசில் போகும். இது ஏன்?

ஜப்பானில் க்யூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடாச்சி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இந்தப் புதிரை ஆராய்ந்து 2016-ல் விடையை வெளியிட்டார்கள்.

அவர்கள் கையாண்ட ஒரு சோதனை மிக எளிமையானது. சுத்தமான கண்ணாடியை வெற்றிட அறைக்குள் சில காலம் சும்மா வைத்திருந்து எடுத்தார்கள். அதன் மேல் ஒரு சொட்டு நீர் விட்டார்கள். சுத்தமான கண்ணாடியில் நீர் பரவும். அழுக்குப் படிந்திருந்தால், சேப்பங்கிழங்கு இலையில் விட்டதுபோல் உருண்டு நிற்கும். சொட்டு எவ்வளவு உருண்டு நிற்கிறது என்பதை அளந்து, அறை எவ்வளவு சுத்தம் என்று கண்டார்கள்.

பிறகு அந்த அழுக்கு என்ன என்று பகுத்துப் பார்த்தார்கள். ஆச்சரியம்! எதையும் சூடாக்காமல் குளிர்ந்து கிடந்த அறைக்குள்ளேயே பலவிதப் பொருள்கள் மிதந்துகொண்டிருந்தன. முன்பு அந்த அறையில் ஆவியாக்கிய பழைய கரிப் பொருள்கள் இருந்தன. யந்திரத்தின் பாகங்களிலிருந்து கசிந்த, பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனங்களும் இருந்தன. விளக்கைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அதற்குத் தக்கபடி இந்த அழுக்கு படிந்து ஆயுள் வேறுபட்டது. அந்த வேறுபாட்டுக்கு ஈரம் காரணமல்ல, மிதக்கும் அழுக்கே காரணம் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

வெற்றிடம் என்று பெயர் வைத்தாலும் அது முழுதும் வெறுமை அல்ல. மேலே சொன்ன அழுத்தத்தில்கூட, மோதுகின்ற மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், ஒரு பரப்பை ஒரு சுற்று மூடிவிடச் சுமார் 1 விநாடி போதும். அடுப்பில் பால் காய்ச்சுமுன் பாத்திரத்தைத் துலக்குவதுபோல, இந்த எஃகு அறைகளையும் அடிக்கடி துலக்கியாக வேண்டும்.

சுண்ணாம்பும் கூரையும்

செய்யும்போது சுத்தம் காத்தாயிற்று. செய்த பிறகு? அந்த விளக்கு மாகறல் தெருவுக்கும் வர வேண்டும். மழையிலும் வெயிலிலும் பிழைக்க வேண்டும். அதற்கு உறை வேண்டும்.

1994-ல் அமெரிக்க விஞ்ஞானிகளான பரோஸ், ஃபாரஸ்ட், தாம்ப்ஸன் முதலியோர் ஓர் எளிய உறையைச் செய்து காட்டினார்கள். விளக்கின் மேல் இன்னொரு கண்ணாடியைக் கவிழ்த்து, ஓரங்களைப் பசையால் ஒட்டினார்கள். அவ்வளவுதான். திறந்து கிடந்த விளக்கைவிட மூடிய விளக்கின் ஆயுள் நூறு மடங்குக்கும் மேல் நீண்டது!

ஆனாலும் ஓரத்துப் பசை வழியாகச் சிறிது நீராவி கசியத்தான் செய்யும். கசிந்து வருவதைப் பிடிக்க உள்ளே ஒரு காவலாளி வேண்டும். அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர் யார் தெரியுமா? சுட்ட சுண்ணாம்பு!

காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் சுர்ரென்று சீறிக் கொதிப்பதைக் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்கு நீரின் மேல் அவ்வளவு தாகம். ஆரம்ப காலத்து ஓ.எல்.ஈ.டி. திரைகளின் உறைக்குள் இந்தச் சுண்ணாம்பையோ, இதற்கு உறவான பேரியம் ஆக்சைடையோ வைத்தார்கள். உள்ளே வரும் நீராவி விளக்கைத் தொடுமுன் சுண்ணாம்பு அதைக் குடித்துவிடும்.

அடுத்து, வளையும் திரை வந்தது. வளைகிற திரைக்கு விறைப்பான கண்ணாடி மூடி ஆகாது. இங்கே விஞ்ஞானிகள் செய்த தந்திரம் கீற்றுக் கூரை வேய்வதை ஒத்தது. ஒரு கீற்றில் இடைவெளி இருக்கும். அதன் மேல் இன்னொரு கீற்றை மாற்றிப் போட்டால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். அதுபோல, கண்ணாடியை ஒத்த மிக மெல்லிய பூச்சு ஒன்று, பிளாஸ்டிக் பூச்சு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒரு பூச்சின் துளைக்கு நேரே அடுத்த பூச்சில் துளை அமைவது அரிது. நீராவி நேரே இறங்க வழியின்றிச் சுற்றிச் சுற்றி அலைகிறது. உள்ளே போய்ச் சேருவதற்குள் விளக்கு தன் ஆயுளை வாழ்ந்து முடித்துவிடும்.

அந்த உறை எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு நாளைக்கு ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். இதைக் கைபேசித் திரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் முழுதும் உள்ளே கசிய 13,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! சாதாரண பிளாஸ்டிக் தாளோ ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சில கிராம் நீராவியை உள்ளே விட்டுவிடும்.

இவ்வளவு நுண்ணிய கசிவை எப்படி அளப்பது? அதற்கும் கால்சியமே கை கொடுக்கிறது. கால்சிய உலோகத்தை மெல்லிய பூச்சாக உறைக்குள் வைக்கிறார்கள். அது கண்ணாடிபோல் பளபளக்கும். நீராவி பட்ட இடத்தில் உலோகம் மாறி, ஒளி ஊடுருவும் பொருளாகிவிடும். எவ்வளவு பரப்பு வெளிறியது என்று பார்த்தால் எவ்வளவு நீராவி புகுந்தது என்று தெரிந்துவிடும்.

உறைக்குள்ளும் முதுமை உண்டு

காற்றை அடியோடு தடுத்துவிட்டால் இந்த விளக்குக்குச் சாவே இல்லையா? அப்படியும் இல்லை. ஒளிர்ந்து ஒளிர்ந்து மூலக்கூறுகள் தாமாகவே தளர்கின்றன. நீல நிற விளக்குகள் முதலில் தளர்கின்றன. ஒரே படம் நெடுநேரம் நின்ற இடத்தில் அதன் சாயல் தழும்பாகத் தங்கிவிடுவதும் உண்டு. அது முதுமை. காற்றால் வரும் கரும்புள்ளியோ நோய். முதுமையைத் தள்ளிப்போடத்தான் முடியும். நோயைத் தடுத்தே விடலாம்.

தடுத்ததன் பலன் கண்கூடு. 2007-ல் சோனி நிறுவனம் ஓ.எல்.ஈ.டி. டெலிவிஷனை முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்தபோது, அதன் ஆயுள் 30,000 மணி நேரம் என்று அறிவித்தது. தினம் 8 மணி நேரம் பார்த்தால் 10 ஆண்டு. 20 ஆண்டுகளுக்கு முன் 100 மணி நேரத்தில் பாதி மங்கிய விளக்கு இது!

நம் நாட்டில்

இந்த விளக்கு மாகறலுக்கு எட்டாத தூரத்துச் சமாசாரம் அல்ல. மாகறல் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஓ.எல்.ஈ.டி. திரை பொருத்திய கைபேசிகள் பூட்டப்பட்டு உலகச் சந்தைக்குப் போகின்றன. ஆனால் அந்தத் திரை இங்கே பிறப்பதில்லை. உறையிட்டு மூடிய நிலையில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இங்கே நடப்பது பொருத்தும் வேலை.

திரையையே இங்கு செய்ய வேண்டுமானால், காற்றை வெல்லும் வித்தையை முதலில் கற்றாக வேண்டும். அதற்கான முயற்சியும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2023-ல் இத்தகைய திரைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும், ராணுவ ஆராய்ச்சி அமைப்பும், டாடா சன்ஸ் நிறுவனமும் அதற்குக் கை கொடுக்கின்றன. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் வளையும் மின்னணுச் சாதனங்களுக்கான தேசிய மையம் இயங்குகிறது. புழுக்கமும் தூசியும் நிறைந்த நாட்டில் தூசியும் ஈரமும் இல்லாத அறையைக் கட்டிக் காப்பது எளிதல்ல. அந்த அறையிலிருந்துதான் நாளைய திரை பிறக்க வேண்டும்.

திரை உடைந்தால்?

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துக்கு இன்று கைபேசி வெறும் பேச்சுக் கருவி அல்ல. புடவையின் படம் வாடிக்கையாளருக்குப் போவது அதில்தான். கூலி வந்ததா என்று பார்ப்பதும் அதில்தான். அதன் பாகங்களில் அதிக விலை உள்ளவற்றுள் ஒன்று திரை. ஆகவே இந்தக் கதையில் அவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கைபேசி கீழே விழுந்து மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டால், பெரும்பாலும் அடியில் உள்ள திரைக்கு ஆபத்தில்லை. அதன் உறை தனி. ஆனால் மை கொட்டியதுபோல் கறுப்பாகவோ ஊதாவாகவோ ஒரு திட்டு தோன்றினால், உறையே கிழிந்து காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அறியலாம். அந்தத் திட்டு நின்ற இடத்தில் நிற்காது. இன்று மிளகளவு, சில நாளில் ரூபாய் அளவு, பிறகு திரை முழுவதும்.

அதை அரிசிப் பானைக்குள் வைத்தால் ஆறாது. விரிசலின் மேல் பிளாஸ்டிக் நாடாவை ஒட்டினாலும் ஆறாது. நாடா தூசியைத் தடுக்கும். கைவிரலைக் கண்ணாடிச் சில்லிலிருந்து காக்கும். நீராவியைத் தடுக்காது. சாதாரண பிளாஸ்டிக், ஓ.எல்.ஈ.டி. உறையைவிட 10 லட்சம் மடங்கும் அதற்கு மேலும் நீராவியை விடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றே. திரை கண்ணுக்குத் தெரியும்போதே உள்ளே இருக்கும் படங்களையும் கணக்குகளையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட வேண்டும். பிறகு திரையை மாற்றலாம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால், நாளை பார்ப்பதற்குத் திரை இருக்காது. விரிசல் விட்ட கைபேசியை நெரிசலான பையில் திணித்து அழுத்தாமல் இருப்பதும், ஈரக் கையால் தொடாமல் இருப்பதும் அதுவரை அதன் ஆயுளைச் சற்று நீட்டும்.

மாகறல் ஈசனுக்கு ‘அடைக்கலம் காத்த நாதர்’ என்றும் ஒரு பெயர் உண்டு. துரத்தப்பட்ட ஓர் உடும்பு புற்றுக்குள் அடைக்கலம் புகுந்தது என்பது தலத்தின் கதை. ஓ.எல்.ஈ.டி. விளக்குக்கும் வேண்டியது அடைக்கலம்தான். தலைமுடியில் 500-ல் ஒரு பங்கு உள்ள அந்த ஒளிக்கு, அதைவிடத் தடித்த உறைதான் புற்று.

கோயிலில் விளக்கு ஏற்றியாயிற்று. வாசல் வழியே வரும் ஆற்றங்கரைக் காற்றைக் குடித்து அகல் எரிகிறது. அதை வணங்கி வெளியே வருபவரின் சட்டைப்பையில் இன்னொரு விளக்கு, அதே காற்று தன்மேல் படாதவரை ஒளிர்ந்துகொண்டிருக்கிறது.